மறதிநோயும் அனிமேஷன் படமும்: நெய்வேலியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் சுரங்கத்தின் வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டில் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எண்பதுகளின் நடுவில் இருப்பார். அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறதிநோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்பது பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. இளைஞர்களை வரவழைத்துக் குடியேற்றிய ஊரின் முதல் தலைமுறை, நோய் மிகுந்து காணப்படும் வயதில் நிற்கிறது.

மறதிநோய் என்று இங்கே சொல்வது டிமென்ஷியாவை. அல்சைமர் அதன் வகைகளில் பரவலானது. பெயரில் மறதி இருந்தாலும் போவது நினைவு மட்டுமல்ல. வழி, நேரம், சொல், கணக்கு, முகங்களை அடையாளம் காணும் திறன் என ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. சில வகைகளில் இல்லாத உருவங்கள் கண்முன் தெரிகின்றன. இப்படி வாழும் ஒருவரின் நிலையை மற்றவர் உணரும்படி செய்ய முடியுமா? இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் அனிமேஷன் படமும் சேர்ந்திருக்கிறது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன, நெய்வேலி நகரியம் போன்ற ஓரிடத்தில் எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பரிசீலனை.

முதுமையைப் பார்க்கும் கண்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளும் தோன்றும் இடங்களை நான்கு நான்காகச் சொல்கிறது. மூப்பும் பிணியும் அங்கே அழுகையின் கீழ் வரவில்லை. வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்ந்து இளிவரலின் கீழ் வருகின்றன. உரைமரபு இதைத் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் கண்டு தோன்றுவது என இரு வகையாகவும் பார்த்தது. முதியவர் தன்னை நினைத்துக் கூசுவதும் பிறர் அவரைக் கண்டு முகம் சுளிப்பதும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. இலக்கணம் இதைக் குறையென்று கண்டிக்கவில்லை. மனித முகத்தில் தெரிவதைப் பதிவுசெய்தது. முதியவரைத் திரையில் காட்டினாலே பரிவு பிறக்கும் என்று நம்புவோருக்கு இது பழைய எச்சரிக்கை.

எதிர்த் தரப்பு நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், சீவகாருண்யத்தை ஆன்ம உருக்கம் என்று விளக்கினார். உயிர்கள் எல்லாம் ஓரினம் என்பதால், உடன்பிறந்தார் துன்பம் கண்டு உடன்பிறந்தார் உருகுவதைப்போல உரிமையால் அந்த உருக்கம் எழுகிறது. எழாதவரிடம் ஆன்ம அறிவு மங்கிக் கிடக்கிறது என்பது அவர் வாதம். அந்த உருக்கம் சோறாக மாறவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உணர்ச்சியோடு நின்றுவிடும் இரக்கத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மறதிநோயில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பசித்தவருக்கு வேண்டியது சோறு, அதில் ஐயமில்லை. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே “வீட்டுக்குப் போகணும்” என்று கேட்பவருக்கு வேண்டியது என்ன? உருகத் தயாராக இருப்பவரும் இங்கே கைபிசைந்து நிற்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து களஆய்வாளர்கள் கண்டது வேறு வகை. வாரணாசியில் பணியாற்றிய மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், 1998இல் வெளிவந்த தம் நூலில், முதியவரின் தடுமாற்றத்தை அங்கே குடும்பத்தின் குற்றமாகப் பேசுவதைக் காட்டினார்: மகனும் மருமகளும் சரியில்லை, அதனால் கிழவர் இப்படி ஆனார் என்பதே ஊரின் விளக்கம். கேரளத்தில் கே. எஸ். ஷாஜியும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தார் இதை வயதின் இயல்பாகவும் குழந்தைத்தனத்துக்குத் திரும்புவதாகவும் எடுத்துக்கொண்டதையும், சிலர் வேண்டுமென்றே செய்யும் வம்பாகக் கருதியதையும் பதிவுசெய்தனர். “வயசாயிடுச்சு”, “கொழந்த மாதிரி ஆயிட்டாரு” என்று தமிழ் வீடுகளில் கேட்கும் பேச்சும் இதற்குத் தொலைவில் இல்லை. குடும்பத்தின் குற்றம் என்றால் நோயாளியை உள்ளறையில் மறைப்பார்கள். வயதின் இயல்பு என்றால் மருத்துவரிடம் போகமாட்டார்கள். குழந்தை என்றால் அதட்டுவார்கள், அல்லது கொஞ்சுவார்கள். மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அனிமேஷனைப் பேசும்போது அது திரும்பி வரும்.

தகவல் போதும் என்ற தரப்பு

இந்தியாவில் அல்சைமர் சங்கம் 1992இல் கொச்சியை மையமாகக் கொண்டு, மருத்துவர் ஜேக்கப் ராய் முன்முயற்சியில் உருவானது. உலக மறதிநோயாளிகளில் மூன்றில் இருவர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் பிறந்த 10/66 ஆய்வுக் குழு, சென்னையையும் வேலூர்ப் பகுதியையும் தன் களங்களில் சேர்த்துக்கொண்டது. 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு, அறுபது வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்றது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தோர் 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்றும் அரசின் கணிப்புகள் கூறின.

இத்தரப்பின் நம்பிக்கை எளியது: இது நோய் என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால் நடத்தை மாறும். ஆனால் உலக அல்சைமர் அறிக்கைக்காக 2019இல் நடத்திய பெரிய கருத்துக்கணிப்பில், பொதுமக்களில் மூன்றில் இருவர் இதை முதுமையின் இயல்பு என்றே நினைத்தனர். 2024இல் அது ஐந்தில் நால்வராகத் தெரிந்தது. பதில் சொன்னவர்கள் வேறு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் பிரசாரம் பெருகியதால் புரிதல் பெருகிவிட்டது என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை. தகவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நோய் என்று தெரிவது பழியைக் குறைக்கிறது. கூடவே “மூளை செத்துப்போன ஆள்” என்ற தூரத்தையும் உண்டாக்கக்கூடும்.

அவர் கண்ணால் பார்த்தல்

அடுத்த தரப்பு, சொல்லிப் பயனில்லை, அனுபவிக்கச் செய்யவேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பி. கே. பெவில் உருவாக்கிய பயிற்சியில், பார்வையை மங்கச்செய்யும் கண்ணாடி, விரல்களை மந்தமாக்கும் கையுறை, பாதத்தை உறுத்தும் செருப்பு, காதில் ஓயாத இரைச்சல் ஆகியவற்றோடு ஓர் அறைக்குள் போய்ச் சொன்ன வேலையைச் செய்யவேண்டும். 2016இல் பிரிட்டனின் அல்சைமர் ஆராய்ச்சி அமைப்பு, கடையிலும் தெருவிலும் வீட்டிலும் ஒரு மறதிநோயாளி தடுமாறுவதை அவர் கண்வழியே காட்டும் மெய்நிகர் படத்தைக் கைபேசிக்காக வெளியிட்டது.

இவற்றை முடித்து வருபவர்கள் கலங்கித்தான் போகிறார்கள். அந்தக் கலக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2015இல் சில்வர்மன், க்வின், வான் போவன் ஆகியோர் வெளியிட்ட சோதனைகளில், கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையின்மையை அனுபவித்தவர்கள், பார்வையற்றோரால் தனித்து வாழவும் வேலை செய்யவும் முடியும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். காரணம் விளங்கக்கூடியதுதான். கண்கட்டு தருவது பார்வை போன முதல் நிமிடத்தை. பழகித் தேறிய பத்தாண்டை அல்ல. டேனியல் பேட்சனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வேறொரு பிரிவினையைக் காட்டினர். ‘அவருக்கு எப்படி இருக்கும்’ என்று நினைப்பவரிடம் பரிவு எழுகிறது. ‘எனக்கு இப்படி நேர்ந்தால்’ என்று நினைப்பவரிடம் பரிவோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. கலங்கியவர் உதவவும் கூடும், கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். 2018இல் தால் ஏயல், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 25 சோதனைகளைத் தொகுத்து எட்டிய முடிவு இன்னும் சங்கடமானது: மற்றவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது அவர் மனத்தைச் சரியாக அறிய உதவவில்லை, அவரையே கேட்டால் உதவியது. இவை எவையும் மறதிநோயை வைத்து நடந்தவையல்ல என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆனால் மறதிநோய் மட்டும் விதிவிலக்காக இருக்கும் என்று கருத இப்போதைக்குக் காரணமில்லை.

கோட்டுக்கு உள்ள வலிமை

அனிமேஷனை முன்னிறுத்துவோர் சொல்லும் முதல் காரணத்துக்கு 1944ஆம் ஆண்டிலேயே சான்று இருக்கிறது. ஃப்ரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவை அசையும் சிறு படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதில் முரடனையும் அஞ்சுபவரையும் காதலரையும் கண்டார்கள். மனம் இருப்பதாக நாம் ஒப்புக்கொள்ள முகமே தேவையில்லை, அசைவு போதும். சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் முன்வைத்த வாதமும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: கோடு குறையக் குறைய, வரைந்த முகத்தில் பார்ப்பவர் தன்னை ஏற்றிக்கொள்வது எளிதாகிறது.

இரண்டாவது காரணம் நினைவின் இயல்பைச் சார்ந்தது. காமிராவால் வெளியே இருப்பதை மட்டுமே பிடிக்க முடியும். பிரெஞ்சு இயக்குநர் புருனோ கொலேயின் ‘மெமொராப்ள்’ 2019இல் அன்னெசி விழாவில் உயர்விருது பெற்றது, ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. அதில் மறதிநோய் வந்த ஓர் ஓவியரின் உலகம் வண்ணத் தீற்றல்களாகக் கரைகிறது. எதிரே இருக்கும் மனைவி மெல்ல மெல்ல சில கோடுகளாகிறார். அதற்குத் தூண்டுதலாக இருந்த ஓவியர் வில்லியம் உடர்மோலன் 1995இல் நோய் கண்டறியப்பட்டபின் சில ஆண்டுகள் தன் முகத்தைத் தானே வரைந்துகொண்டிருந்தவர். 2016இல் அன்னெசியில் உயர்விருது வாங்கிய ஃப்ராங்க் தியோனின் குறும்படத்தில் ஒரு மூதாட்டி தன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ரயில் ஏறுகிறார். சொல்லி விளக்கினால் பைத்தியக்காரத்தனமாகப் படும் இந்தக் காட்சி, திரையில் ஒரு கணத்தில் புரிகிறது.

மூன்றாவது காரணம் குறைவாகப் பேசப்படுவது. என் கணிப்பில் கனமானது அதுவே. நோய் முற்றியவரால் தன்னைப் படம் பிடிக்கச் சம்மதம் சொல்ல முடியாது. பெயரை மறந்த பாட்டியைக் கேள்வி கேட்டுச் சிரித்துக் கைபேசியில் எடுத்துச் சுற்றுக்கு விடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. வரைந்த படத்தில் எவர் மானமும் போவதில்லை. ஒருவர் சொன்னதை அவர் முகத்தைக் காட்டாமலே காட்ட முடிகிறது.

நடிகர்கள் நடித்த படங்களோடு ஒப்பிட்டால் வேறொரு நன்மையும் தெரிகிறது. பிளெஸ்ஸியின் ‘தன்மாத்ரா’ 2005இல் மலையாளத்தில் இந்நோயை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ராதாமோகனின் ‘60 வயது மாநிறம்’ 2018இல் கன்னட மூலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அதில் காணாமல்போன தந்தையைத் தேடும் பரபரப்புக்கு ஒரு கடத்தல் கதையும் துணைசேர்கிறது. அவற்றில் நடித்த மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் செய்தது சிறிய காரியமல்ல. ஆனால் நட்சத்திரத்தின் நடிப்பைப் பாராட்டியபடி அரங்கைவிட்டு வெளியேறும்போது நோயாளி பின்னுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

அனிமேஷனின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது அழகு. இவ்வகைப் படங்களில் நோய் பெரும்பாலும் இதமான நிறங்களில், மென்மையான இசையில் கரைகிறது. மலமும் சிறுநீரும், இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளும், திருட்டுப்பழி சுமத்தப்பட்ட வேலைக்காரப் பெண்ணும் அந்த நிறங்களில் இடம்பெறுவது அரிது. இரண்டாவது அற்புதம். 2017இன் ‘கோகோ’வில் ஒரு பாட்டு மூதாட்டியின் நினைவைத் தட்டி எழுப்புகிறது. பாட்டு உண்மையில் உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் அல்ல. வீட்டில் பாடிப் பார்த்துப் பலிக்காதவர், பாட்டையோ பாட்டியையோ குறைசொல்லத் தொடங்கினால் படம் தீங்கு செய்ததாகிவிடும். மூன்றாவது நம் சமூகத்துக்கே உரியது. தமிழ்நாட்டில் கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது. மறதிநோயாளியும் குழந்தையாகிவிட்டவர் என்பது ஏற்கனவே ஊரின் முடிவு. குழந்தைகளுக்கான வடிவத்தில் குழந்தையாகக் கருதப்படுபவரை வரைந்தால், உருண்டைக் கண்ணும் பொக்கை வாயுமாக ஒரு செல்லப் பாட்டி வந்து நிற்பாள். அவளைக் கொஞ்சத் தோன்றும். அவளிடம் கருத்துக் கேட்கத் தோன்றாது. ஷாஜியின் ஆய்வு காட்டிய தவறான புரிதலைப் படம் திருத்துவதற்குப் பதில் உறுதிப்படுத்திவிடும்.

யாரை வரைவது: நோயாளியையா, பக்கத்தில் இருப்பவரையா

உளவியலாளர் டாம் கிட்வுட் 1997இல் எழுதியவை இந்த விவாதத்தின் திசையை மாற்றின. ஒருவரின் வீழ்ச்சிக்கு மூளைச்சேதம் மட்டும் காரணமல்ல, சுற்றியிருப்போர் அவரைப் பொருட்படுத்தாமல் பேசுவது, அவசரப்படுத்துவது, ஏமாற்றுவது ஆகியவையும் காரணம் என்றார் அவர். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டீன் பிரைடன், கேட் ஸ்வாஃபர் போன்றோர் நோய் கண்டறியப்பட்டபின் தாமே எழுதியும் பேசியும் வந்தது இந்தப் பார்வைக்கு வலு சேர்த்தது. இதை ஏற்றால், படம் காட்டவேண்டியது நோயாளியின் மூளைக்குள் நடப்பதைவிட, இருவருக்கு இடையே நடப்பதை.

இக்னாசியோ ஃபெரேராஸ் 2011இல் எடுத்த ஸ்பானிய முழுநீளப் படம் ‘அருகாஸ்’, பாக்கோ ரோக்காவின் சித்திரக்கதையிலிருந்து வந்தது. அதன் தொடக்கத்தில் வங்கி மேலாளர் ஒருவர் கடன் கேட்டு வந்தவர்களிடம் மறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் ஓய்வுபெற்றுப் பல காலமாகிவிட்டது. எதிரே இருப்பது சாப்பிட வைக்கப் போராடும் மகன். இரண்டு உலகமும் ஒரே காட்சியில் நிற்பதால் மகனின் எரிச்சலும் புரிகிறது, தந்தையின் நியாயமும் புரிகிறது. அயர்லாந்தின் லூயிஸ் பேக்னல் இயக்கிய ‘லேட் ஆஃப்டர்நூன்’ குறும்படத்தில் தேநீர் கொண்டுவரும் பெண் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. சொல்லும் முறை சிறப்பாக இருந்தாலும், இப்படிக் கடைசியில் அவிழும் முடிச்சு இவ்வகைக் கதைகளில் வழக்கமாகிவருவது கவலை தருகிறது. நோய் ஒரு விடுகதையாகிவிடக்கூடாது.

உறவைக் காட்டவேண்டும் என்பதற்கு மருத்துவ ஆய்விலும் ஆதரவு உண்டு. அயோவாப் பல்கலைக்கழகத்தில் குஸ்மான்-வேலஸ் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துணுக்குகள் காட்டப்பட்டன. பார்த்தது அவர்களுக்குச் சீக்கிரமே மறந்துபோனது. எழுந்த உணர்ச்சி நீடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் “எப்படியும் மறந்துடுவாரு” என்று சொல்லிவிட்டு அதட்டுபவருக்குப் பதில் இதில் இருக்கிறது. கரைந்துபோகும் மூளையை வரைவதைவிட, அதட்டல் முடிந்து அரைமணி கழித்தும் ஏனென்று தெரியாமல் கலங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரை வரைவது பார்ப்பவருக்கு உடனே ஒரு வேலையைத் தருகிறது.

தமிழில் நடந்த முயற்சிகள்

ஆஸ்திரேலியாவில் பியாங்கா பிரிஜ்நாத் தலைமையிலான ஆய்வாளர்கள் குடியேறிய குடும்பங்களுக்காக ‘மூவிங் பிக்சர்ஸ்’ என்ற திட்டத்தில் தமிழ், இந்தி, மாண்டரின், கான்டனீஸ், அரபு மொழிகளில் குறும்படங்கள் உருவாக்கினர். பராமரிப்போர் தம் மொழியில் தம் வீட்டுக் கதையைச் சொல்வது அதன் முறை. அதைத் தொடர்ந்த ‘டிரா-கேர்’ திட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்போர் பயிற்சியை அடிப்படையாகக்கொண்டு, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அனிமேஷனைக் கையில் எடுத்தது. தமிழ்ப் பேச்சும் மறதிநோயும் அனிமேஷனும் சந்திக்கும் முக்கியமான இடம் இது. ஆனால் அதன் முதல் நோக்கம் பராமரிப்பவருக்குத் துணைநிற்பது. ஊராரின் மனத்தை மாற்றுவது அல்ல. மெல்பர்ன் வீட்டின் தனிமையும் நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத் தெருவின் நெருக்கமும் ஒன்றல்ல.

அதே உலக சுகாதார நிறுவனப் பயிற்சியின் இந்திய வடிவத்தை பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் இணையவழியில் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பராமரிப்போரின் மனச்சோர்விலும் சுமையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. நோயாளியை ஒரு மனிதராக மதிக்கும் மனப்பான்மை உயர்ந்தது. பார்வை மாறுவதும் பாரம் குறைவதும் தனித்தனி என்று இதைப் படிக்கலாம்.

அனிமேஷன் தெற்காசியாவில் மனத்தை அசைத்ததற்கு முன்மாதிரி உண்டு. 1990களில் யுனிசெஃப் உருவாக்கிய ‘மீனா’ பெண்குழந்தைகளின் படிப்பையும் உணவையும் பற்றிப் பேசியது. அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் அதில் பெரும்பங்கு வகித்தார். வரைந்த முகங்களை நாடு நாடாக மக்களிடம் காட்டி, அவர்கள் சொன்னதற்கேற்ப மாற்றினார்கள். ‘மீனா’வின் வெற்றியில் கதைக்கு இருந்த பங்கு இந்தக் கேட்டுத் திருத்தும் முறைக்கும் இருந்திருக்கவேண்டும்.

நெய்வேலியில் எதை வரைவது

நகரியம் எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வீடுகள் ஒரே அச்சில் வகை வகையாகக் கட்டப்பட்டவை. புதிதாக வருபவருக்கு எண் இருந்தால் வழி கிடைக்கும். எண்ணை இழந்தவருக்கு ஒவ்வொரு சாலையும் ஒவ்வொரு வாசலும் ஒன்றுபோலவே இருக்கும். ஊரிலிருந்து அழைத்துவந்து மகனின் குவார்ட்டர்ஸில் வைக்கப்பட்ட தாய்க்கு இது கூடுதல் சிரமம். திட்டமிட்ட ஊரின் ஒழுங்கே ஒருவருக்குப் புதிர்ப்பாதையாவதைக் கோட்டோவியம் சில நொடிகளில் காட்டிவிடும்.

“வீட்டுக்குப் போகணும்” என்ற கோரிக்கை இங்கே இன்னும் சிக்கலானது. மறதிநோயாளிகள் உலகெங்கும் கேட்பதுதான் அது. பெரும்பாலும் அது ஒரு முகவரியைவிட ஒரு பாதுகாப்பைத் தேடும் குரல் என்றே வல்லுநர்கள் விளக்குகிறார்கள். ஆனால் நெய்வேலியில் அந்த முகவரியும் பல வேளை இல்லாமல் போயிருக்கும். பணி ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைத் திருப்பித் தரவேண்டும். அவர் வளர்த்த மாமரத்தின் கீழ் இன்று வேறொரு குடும்பம் வசிக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தவரின் வீடு இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும், அல்லது அந்தப் பள்ளத்தை நிரப்பிய மண்மேடும் காடும் இருக்கும். “ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று விடியுமுன் கிளம்புபவர் தேடும் முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மூவரில் எவரையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்ட அந்த இடம் அன்றிருந்தபடி இல்லை. காமிராவுக்கும் அங்கே வேலையில்லை. இல்லாமல் போன இடத்தை, இருந்தவரின் சொல்லைக்கொண்டு மீண்டும் எழுப்பக்கூடியது வரைந்த படம்தான். நெய்வேலியைப் பொறுத்தவரை அனிமேஷனுக்கான வலுவான வாதமாக எனக்குப் படுவது இதுவே. முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் மனம் இருப்பதாக நாம் நம்புவது இதற்கு அடுத்தபடிதான்.

கைப்பழக்கத்தையும் சொல்லவேண்டும். பெயர்களும் தேதிகளும் போனபின்னும் கையில் ஊறிய வேலை நெடுநாள் நிற்பது பலரிடம் காணப்படுகிறது. கன்வேயர் ஓடும் சத்தத்தில் கோளாறைக் கண்டுபிடித்த ஆள், மண்வெட்டி இயந்திரத்தின் நெம்புகோலைப் பிடித்த விரல், முப்பது வருடம் ஷிப்டுக்கு டிபன் கட்டிக்கொடுத்த மனைவியின் கை ஆகியவற்றில் திறமை மிச்சமிருக்கிறது. இழந்ததை மட்டும் காட்டும் படம் பயத்தை வளர்க்கும். மிச்சமிருப்பதைக் காட்டினால் செல்லப் பாட்டியின் இடத்தில் ஒரு தொழிலாளி வந்து நிற்பார்.

தடை எதுவும் இல்லை என்பதல்ல. நிறுவனத்தின் ஆதரவில் எடுக்கும் படம், சுரங்கத்துள் போன கிராமத்தை எவ்வளவு நேர்மையாக வரையும் என்று கேட்பது நியாயம். அதைத் தவிர்த்துவிட்டு ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவுகளை மட்டும் வரைந்தால், பரிவும் வட்டம் வட்டமாகப் பங்கிடப்படும்.

முடிவாகாதவை

படம் பார்த்தபின் நடத்தை மாறுகிறதா என்பது இன்னும் திறந்த கேள்வி. மதிப்பீடுகள் பெரும்பாலும் படம் முடிந்த சூட்டில் நிரப்பப்படும் வினாத்தாளையே நம்புகின்றன. ஆறு மாதம் கழித்து அதே ஆள் பக்கத்து வீட்டுக் கிழவரைத் தெருமுனையிலிருந்து கூட்டிவந்து விட்டாரா என்பதை அளப்பது கடினம், செலவும் கூடும். பேட்ரிக் காரிகனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் மனநோய் குறித்த அவப்பெயரைப் பற்றி 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களிடம் நேர்ச்சந்திப்பு அதிகப் பயன் தந்தது, வளரிளம் பருவத்தினரிடம் கல்வி அதிகப் பயன் தந்தது, நேரில் சந்திப்பது காணொளியைவிட வலுவாக இருந்தது. மறதிநோய்க்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பொருந்துமானால், பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் முதற்படியாகலாம். பெரியவர்களுக்குப் படத்தின் பின் ஒரு சந்திப்பு தேவைப்படும். அனிமேஷனுக்கும் நடிகர் படத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த அளவு வடிவத்தால், எந்த அளவு கதையால் என்பதும் தீர்ந்தபாடில்லை.

இருக்கும் சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நோயாளியின் மூளைக்குள் நம்மைக் கொண்டுபோவதாகச் சொல்லும் படங்களின் வாக்குறுதி மிகையானது, சில வேளை தீங்கானது. இருவருக்கு இடையே நடப்பதை, நோயாளியைக் கேட்டறிந்து வரையும் படங்களுக்கு ஆதாரம் ஓரளவு சாதகமாக இருக்கிறது. வள்ளலார் எதிர்பார்த்த அளவுக்கு, அதாவது உருக்கம் செயலாகும் அளவுக்கு, எந்தப் படமும் தனியாகக் கொண்டுபோய் விடும் என்று காட்ட இன்று வலுவான சான்று இல்லை.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியையொட்டிச் சிறுகதைப் போட்டியும் குறும்படப் போட்டியும் நடந்திருக்கின்றன. இந்தப் பொருளை எடுத்துக்கொள்ள அப்படியொரு மேடை பொருத்தமானது. எடுக்க முன்வருவோரிடம் ஒரு வேண்டுகோள்: முதல் வரைவை மருத்துவரிடமும் நடுவர்களிடமும் காட்டும் முன், நோயின் தொடக்க நிலையில் இருக்கும் இருவரிடமாவது காட்டுங்கள். “நான் இப்படி இல்லை” என்று அவர்கள் சொன்னால் படத்தை மாற்றுங்கள்.